பத்து வயதான காருக்குப் பிளேட் கிடைக்குமா? பிரிட்டனின் டாக்சி, மினிகேப் உரிமங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வயதாகிவிட்டதாம், கவுன்சில் இனி பிளேட் தராதாம்." டாக்சி அல்லது மினிகேப் ஓட்டுபவர்கள் உள்ள பிரிட்டன் தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு வராத ஆண்டு இல்லை. பிளேட் என்பது, உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் வாகன உரிமத்தோடு தரும் தகடு. காருக்கு இன்னும் கடன் கட்டிக்கொண்டிருப்பார்கள். என்ஜின் சத்தமே கேட்காது. ஆனால் கவுன்சிலின் கணக்கில் அது கிழட்டு வண்டி. பழைய வாகனங்களுக்கு உரிமம் கிடைப்பது, மறுக்கப்படுவது, மறுத்தால் செய்ய வேண்டியது ஆகியவை பற்றி ஓட்டுநர்களும் வாங்கப்போகிறவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இதில் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. ஸ்காட்லாந்தில் 1982ஆம் ஆண்டின் வேறொரு சட்டம் இருக்கிறது. வட அயர்லாந்தில் கவுன்சில்களுக்கு இதில் வேலையே இல்லை. மாகாண அரசே உரிமம் தருகிறது.

டாக்சி, மினிகேப் இரண்டும் ஒன்றுதானே?

பயணிக்கு ஒன்றுதான், சட்டத்துக்கு அல்ல. சாலையில் கை காட்டி நிறுத்தியும் ஸ்டாண்டில் நின்றும் ஆளை ஏற்றிக்கொள்ளும் உரிமை டாக்சிக்கு மட்டுமே உண்டு. சட்டத்தில் அதன் பெயர் 'ஹாக்னி கேரேஜ்'. குதிரை வண்டிக் காலத்துப் பெயர் இது. லண்டனுக்கு வெளியே அதை இன்றும் ஆளும் சட்டம் 1847ஆம் ஆண்டினது. மினிகேப்பை முன்பதிவு செய்துதான் ஏற முடியும். அந்த முன்பதிவையும் உரிமம் பெற்ற ஒரு நிறுவனம் வழியாகத்தான் செய்ய வேண்டும். அதற்குரிய சட்டம் 1976இல் வந்தது. செயலி மூலம் அழைக்கும் கார்களில் பெரும்பாலானவை மினிகேப் வகைதான்.

இந்த வேறுபாடு வயது விஷயத்திலும் வந்து நிற்கும். பல கவுன்சில்கள் டாக்சிக்கு ஒரு வரம்பும் மினிகேப்புக்கு வேறொரு வரம்பும் வைத்திருக்கின்றன.

உரிமம் தருவது யார்? தமிழ்நாட்டு ஆர்.டி.ஓ. போல ஒரே துறையா?

இல்லை. இங்கே குப்பை அள்ளும் அதே கவுன்சில்தான் டாக்சி உரிமமும் தருகிறது. இங்கிலாந்தில் மட்டும் இப்படி 260க்கு மேற்பட்ட உரிம அமைப்புகள் உள்ளன. லண்டனில் மட்டும் பரோ எனப்படும் 32 நகரப் பகுதிகளுக்கும் 'சிட்டி' என்ற பழைய மையத்துக்கும் சேர்த்து டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் என்ற ஒரே அமைப்பு அந்த வேலையைச் செய்கிறது.

லண்டனுக்கு வெளியே சட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். அதற்குக் கீழே ஒவ்வொரு கவுன்சிலும் எழுதிக்கொள்ளும் கொள்கைதான் ஊருக்கு ஊர் மாறுகிறது. சாலையின் இந்தப் பக்கம் 'அதிகபட்சம் எட்டு ஆண்டு', அந்தப் பக்கம் 'சோதனையில் தேறினால் வயது பொருட்டல்ல' என்று இருக்கலாம். காருக்கு எத்தனை வயது என்பதை உற்பத்திசெய்த தொழிற்சாலை முடிவு செய்கிறது. அது கிழமா, இளமையா என்பதை அஞ்சல் குறியீடு முடிவு செய்கிறது.

சட்டத்தில் வயது வரம்பு எங்கே இருக்கிறது?

எங்கும் இல்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். மினிகேப் வகையிலும் அளவிலும் வடிவமைப்பிலும் பொருத்தமாக இருக்க வேண்டும். பார்ப்பவர்கள் அதை டாக்சி என்று நினைத்துவிடக் கூடாது. இயந்திர நிலை சரியாக இருக்க வேண்டும். பாதுகாப்பாகவும் வசதியாகவும் இருக்க வேண்டும். வாடகைக்கு ஆளேற்றும் காப்பீடு இருக்க வேண்டும். இவ்வளவுதான். பிரிவு முழுக்கத் தேடினாலும் 'ஆண்டு' என்ற சொல் உரிமம் எவ்வளவு காலத்துக்குச் செல்லும் என்ற இடத்தில்தான் வரும்: அதிகபட்சம் ஓர் ஆண்டு.

அப்படியானால் வயதைக் காட்டி மறுப்பது சட்டவிரோதமா?

அதுவும் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 'பொருத்தமானது' என்பதை முடிவு செய்யும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு. அதை எப்படி முடிவு செய்வோம் என்று முன்கூட்டியே ஒரு கொள்கை எழுதி வைத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. லங்காஷயரின் ஹைண்ட்பர்ன் கவுன்சில் தொடர்பான 1992ஆம் ஆண்டு வழக்கில், வயது வரம்பைக் கொள்கையாக வைப்பது தவறில்லை என்று உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

ஆனால் கொள்கை வேறு, சட்டம் வேறு. கொள்கையை வைத்திருக்கும் அமைப்பு விதிவிலக்கு கேட்டு வருபவரின் வாதத்தைக் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும். "எங்கள் கொள்கை இது, மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை" என்று கதவை மூடினால், அது தன் விருப்புரிமையைத் தானே கட்டிப்போட்டுக்கொண்டதாகும். ஆங்கிலேய நிர்வாகச் சட்டத்தில் அது அடிப்படைத் தவறு. மறுப்புக் கடிதம் கையில் வந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள். உங்கள் வாகனத்தைப் பற்றி அதில் ஒரு வரியாவது இருக்கிறதா, அல்லது எல்லோருக்கும் அனுப்பும் அச்சுக் கடிதமா? அச்சுக் கடிதமாக இருந்தால் உங்கள் பக்கம் வாதிட இடமிருக்கிறது.

மத்திய அரசு இதில் எந்தப் பக்கம்?

வயது வரம்புக்கு எதிரான பக்கம். அதுவும் நீண்ட காலமாக. 2010இல் போக்குவரத்துத் துறை வெளியிட்ட வழிகாட்டியே, பழைய வாகனம் நல்ல நிலையில் இருப்பது முற்றிலும் சாத்தியம், வயதை வைத்துக் கோடு கிழிப்பது பொருத்தமற்றதாக ஆகக்கூடும் என்ற பொருளில் எழுதியிருந்தது. ஐந்து வயதைத் தாண்டிய வாகனத்துக்கு ஆண்டுக்கு இரண்டு சோதனை வைக்கலாம் என்று மாற்று வழியையும் சொன்னது. 2023 நவம்பரில் வந்த புதிய வழிகாட்டி மென்று விழுங்கவில்லை. கவுன்சில்கள் வயது வரம்பு விதிக்கக் கூடாது; புகை, பாதுகாப்புத் தரம், சக்கர நாற்காலி வசதி என எது நோக்கமோ அதற்கே நேரடியாக விதி எழுத வேண்டும் என்றது.

ஆனால் அது வழிகாட்டிதான், சட்டம் அல்ல. கவுன்சில் அதைப் படித்துவிட்டு, காரணம் சொல்லி, வேறு வழியில் போகலாம். போகின்றன. 2023க்குப் பின் சில கவுன்சில்கள் வரம்பைத் தூக்கின, சில நீட்டின, சில அப்படியே வைத்திருக்கின்றன. இருந்தாலும் இந்த வழிகாட்டி ஓட்டுநரின் கையில் நல்ல ஆயுதம். கடிதம் எழுதும்போது 2023ஆம் ஆண்டு வழிகாட்டியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள், "இதிலிருந்து விலகியதற்குக் கவுன்சில் பதிவு செய்த காரணம் என்ன?" என்று கேளுங்கள்.

வழக்கமாக எத்தனை ஆண்டுகள்?

இரண்டு எண்களைத் தேட வேண்டும். பலர் ஒன்றை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். முதலாவது நுழைவு வயது: முதல்முறை உரிமம் கேட்கும்போது கார் இத்தனை வயதுக்குள் இருக்க வேண்டும். ஐந்து என்பது பரவலான எண். அதைவிடக் கறாரான கவுன்சில்களும் உண்டு. இரண்டாவது வெளியேறும் வயது: அதற்குமேல் புதுப்பிக்க மாட்டார்கள். எட்டு, பத்து, பன்னிரண்டு என்று பல விதம். சக்கர நாற்காலி ஏறும் வாகனங்களுக்கும் மின்சாரக் கார்களுக்கும் கூடுதல் ஆண்டுகள் தருவது வழக்கம். அத்தகைய வாகனத்தின் விலை அதிகம். போட்ட பணத்தை எடுக்க அவகாசம் வேண்டும் என்பதே காரணம்.

நுழைவு வயது பிறந்தநாள் போலத் துல்லியமானது. எனக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவர் நான்கு வயதும் பதினொரு மாதமும் ஆன காரை ஏலத்தில் மலிவாக எடுத்தார். கவுன்சிலின் சோதனைக்கூடத்தில் தேதி கிடைக்க ஐந்து வாரம் ஆனது. அதற்குள் காருக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. விண்ணப்பித்த நாளில் வயதுக்குள் இருந்ததே என்று வாதாடிப் பார்த்தார். அந்தக் கவுன்சில் உரிமம் வழங்கும் நாளைத்தான் கணக்கில் எடுக்கும் என்று கொள்கையின் இணைப்பில் சிறிய எழுத்தில் இருந்தது. இப்போது அந்தக் காரில் அவருடைய பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள்.

வயதை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவார்கள்?

பெரும்பாலும் வி5சி பதிவுப் புத்தகத்தில் உள்ள முதல் பதிவுத் தேதியிலிருந்து. ஜப்பானிலிருந்து இறக்குமதியான டொயோட்டா போன்ற கார்களில்தான் சிக்கல். அங்கே நான்கு ஆண்டு ஓடியபின் இங்கே வந்த காருக்கு, பிரிட்டனில் முதலில் பதிவான தேதி ஒன்றும் உண்மையான முதல் பதிவுத் தேதி ஒன்றும் தனித்தனியே இருக்கும். கவுன்சில் இரண்டாவதையே பார்க்கும். உற்பத்தித் தேதிக்கு ஆதாரம் கேட்பதும் உண்டு.

நம்பர் பிளேட்டை வைத்து வயதைக் கணிப்பதில் கவனம் வேண்டும். மார்ச் மாதத்திலும் செப்டம்பரிலும் எண் மாறும். '65' என்றால் 2015 செப்டம்பர் முதல் 2016 பிப்ரவரி வரை. புதிய காருக்குப் பழைய எண்ணை மாட்டலாம். பழைய காரை இளமையாகக் காட்டும் எண்ணை மாட்டச் சட்டம் அனுமதிக்காது. விசித்திர எழுத்துக்கோவை கொண்ட சொந்த எண் இருந்தால் அதிலிருந்து வயதைக் கண்டுபிடிக்கவே முடியாது. புத்தகத்தைத் திறந்து பார்ப்பது ஒன்றே வழி.

சுற்றுச்சூழலுக்காகத்தானே இந்த வரம்பு? பழைய கார் என்றால் புகைதானே?

இதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். வயது வரம்புக்கு ஆதரவாகக் கவுன்சில் கூட்டங்களில் அதிகம் பேசப்படும் காரணமும் இதுதான், அதிகம் இடறும் இடமும் இதுதான்.

புகையை அளக்க ஐரோப்பியத் தர வரிசை ஒன்று இருக்கிறது. தரம் குறைந்த வாகனங்களிடம் நாள் கட்டணம் வாங்கும் பகுதிகளான பர்மிங்காம் போன்ற தூய காற்று மண்டலங்களும் லண்டனின் அல்ட்ரா லோ எமிஷன் சோனும் ஒரே அளவுகோலை வைத்திருக்கின்றன: பெட்ரோல் காருக்கு யூரோ 4, டீசல் காருக்கு யூரோ 6. பெட்ரோலில் யூரோ 4 என்பது 2006 முதல் புதிய கார்களில் கட்டாயமானது. டீசலில் யூரோ 6 புதிய கார்கள் அனைத்துக்கும் கட்டாயமானது 2015 செப்டம்பரில்தான். ஆகவே 2009இல் பதிவான பெட்ரோல் ஹைபிரிட் டொயோட்டா பிரியஸ் கட்டணம் இல்லாமல் பர்மிங்காம் நகருக்குள் போகும். அதைவிட ஐந்து வயது இளைய 2014ஆம் ஆண்டு டீசல் கார், யூரோ 5 என்றால், நாளுக்கு 8 பவுண்டு கட்டும். ஆண்டில் 300 நாள் நகருக்குள் போனால் 2,400 பவுண்டு.

வயதை மட்டும் பார்க்கும் கொள்கை என்ன செய்யும்? பிரியஸை முதலில் வெளியேற்றிவிட்டு டீசலைச் சில ஆண்டு ஓடவிடும். காற்றுக்காக எழுதிய விதி காற்றையே கெடுக்கும். அதனால்தான் 2023ஆம் ஆண்டு வழிகாட்டி, புகை கவலை என்றால் புகைக்கே விதி எழுது என்றது. என் கருத்தும் அதுதான். ஆனால் கவுன்சில் அதிகாரியின் நிலையிலிருந்து பார்த்தால், வயது வரம்பில் ஒரு வசதி இருப்பதையும் மறுக்க முடியாது: யாரோடும் வாதாட வேண்டியதில்லை, நாள்காட்டி போதும்.

வாடகைக் கார்களுக்குக் கட்டணம் ஊருக்கு ஊர் வேறுபடும். 2021 மார்ச்சில் தொடங்கிய பாத் நகர மண்டலத்தில் சொந்தக் கார்களுக்குக் கட்டணமே இல்லை. தரம் குறைந்த டாக்சிக்கும் மினிகேப்புக்கும் 9 பவுண்டு. 2023இல் தொடங்கிய டைன்சைடு மண்டலத்தில் 12.50 பவுண்டு. லண்டனிலும் நாளுக்கு 12.50 பவுண்டுதான், ஆனால் அங்கே உரிமம் பெற்ற கறுப்பு டாக்சிகளுக்கு விலக்கு உண்டு. மினிகேப்புகளுக்குப் பொதுவாக இல்லை.

லண்டன் கறுப்பு டாக்சிகளுக்கும் வயது வரம்பு உண்டா?

உண்டு. ஒரு காலத்தில் இல்லை. எஃப்.எக்ஸ்.4 என்ற வாகனம் 1958 முதல் 1997 வரை அடிப்படையில் ஒரே உருவத்தில் தயாரானது. பழுதுபார்த்துப் பழுதுபார்த்து அதை எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் ஓட்டினார்கள். உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை; 25 அடிக்குள் திரும்பிவிடும். அந்தத் திரும்பும் வட்டம் 1906ஆம் ஆண்டு விதிகளின் எச்சம். இன்றும் லண்டன் டாக்சிக்கு அது கட்டாயம்.

2012இல் முதன்முறையாக 15 ஆண்டு வரம்பு வந்தது. எஃப்.எக்ஸ்.4இன் கடைசி வகையான ஃபேர்வே டாக்சிகள் ஒரேயடியாகத் தெருவைவிட்டுப் போயின. 2018 ஜனவரி முதல், புதிதாக உரிமம் பெறும் டாக்சி குறிப்பிட்ட தூரமாவது புகையின்றி ஓடக்கூடியதாக இருக்க வேண்டும் என்றானது. பிறகு 2019 நவம்பர் முதல் பழைய டீசல் டாக்சிகளின் வரம்பைப் படிப்படியாகக் குறைத்து, 2022 நவம்பரில் 12 ஆண்டுக்குக் கொண்டுவந்தார்கள். யூரோ 6 தரத்தில் உள்ளவையும் எரிவாயுவுக்கு மாற்றப்பட்டவையும் 15 ஆண்டை வைத்துக்கொண்டன.

இதில் வலித்தது யாருக்கு என்றால், 2006க்குப் பிறகு டி.எக்ஸ்.4 என்ற டீசல் டாக்சி வாங்கியவர்களுக்கு. 15 ஆண்டு ஓட்டலாம் என்று கணக்குப் போட்டு வாங்கிய வாகனத்திலிருந்து மூன்று ஆண்டு வருமானம் கழிக்கப்பட்டது. பழைய டாக்சியை முன்கூட்டியே ஒப்படைப்பவருக்கு 10,000 பவுண்டு வரை தரும் திட்டம் ஒன்றை டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் நடத்தியது. கவென்ட்ரிக்கு அருகே அன்ஸ்டியில் தயாராகும் புதிய மின்சார டி.எக்ஸ். டாக்சிக்கு மத்திய அரசு தொடக்கத்தில் 7,500 பவுண்டு மானியம் தந்தது. பின்னர் அதைக் குறைத்துவிட்டது. வாகனத்தின் விலையோ 50,000 பவுண்டுக்கு மேல். மானியத்தைக் கழித்தாலும் மிச்சம் வங்கிக் கடன்தான்.

லண்டன் மினிகேப் ஓட்டுநர்கள் நினைவில் வைக்க வேண்டியது வேறு தேதி: 2023 ஜனவரி 1. அன்றுமுதல் முதல்முறை உரிமம் பெறும் மினிகேப் புகையின்றி ஓடும் திறன் கொண்டதாக இருக்க வேண்டும். சாதாரண பிரியஸ் ஹைபிரிட் இதில் தேறாது. செருகி மின்னேற்றும் வகையோ முழு மின்சாரமோ வேண்டும்.

பழைய வாகனத்துக்குச் சோதனை கூடுமா?

கூடும். ஆண்டுக்கு மூன்று முறை வரை வாகனத்தை வரவழைத்துச் சோதிக்க 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 50ஆவது பிரிவு அனுமதிக்கிறது. புதிய காருக்கு ஒன்று, ஐந்து வயது தாண்டினால் இரண்டு, எட்டு தாண்டினால் மூன்று என்று படிப்படியாக வைக்கும் கவுன்சில்கள் உண்டு. லண்டனில் மினிகேப்புக்கும் டாக்சிக்கும் பொதுவாக ஆண்டுக்கு இரண்டு எம்.ஓ.டி. (எல்லாக் கார்களுக்கும் உரிய சாலைத் தகுதிச் சோதனை) இருக்கிறது.

கவுன்சில் சோதனை எம்.ஓ.டி.யைவிடக் கறாரானது. கதவு விளிம்பில் துரு, இருக்கையில் சிகரெட் ஓட்டை, காலடி விரிப்பு கிழிசல், சக்கர மூடியில் கீறல் போன்றவற்றுக்கு எம்.ஓ.டி.யில் இடமில்லை, கவுன்சில் சோதனையில் இவற்றுக்கெல்லாம் தோற்கலாம். சட்டத்தில் உள்ள 'வசதி' என்ற சொல்லில் இவை எல்லாம் அடங்கிவிடும். பெரிய பழுதுக்காகத் தோற்பவர்களைவிட, எரியாத நம்பர் பிளேட் விளக்குக்காகத் தோற்று மறுசோதனைக் கட்டணம் கட்டுபவர்களே அதிகம் என்பது நான் கண்டது. முந்தின இரவு விளக்குகளைப் போட்டுக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஐந்து நிமிட வேலை.

சாலையிலேயே அதிகாரி நிறுத்திச் சோதிக்கவும் முடியும். திருப்தி இல்லையென்றால் 68ஆவது பிரிவின்கீழ் அந்த இடத்திலேயே உரிமத்தை நிறுத்திவைப்பார். இரண்டு மாதத்துக்குள் சரிசெய்து காட்டாவிட்டால் அந்த உரிமம் ரத்தானதாகவே கருதப்படும். விபத்தில் காரின் பாதுகாப்போ தோற்றமோ பாதிக்கப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லிவிட்டுக் கவுன்சிலை மறந்துவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு.

'விதிவிலக்கான நல்ல நிலை' என்று கொள்கையில் இருக்கிறதே, அதை எப்படி நிரூபிப்பது?

வயது தாண்டிய வாகனத்துக்குப் பல கொள்கைகளில் உள்ள ஒரே வாசல் அதுதான். 'விதிவிலக்கான' என்பதற்குச் சட்டத்தில் விளக்கம் இல்லை. ஒவ்வொரு கவுன்சிலும் தனக்கென்று எழுதிக்கொள்கிறது. ஆனால் தேடுவது ஒன்றைத்தான்: இந்தக் கார் தன் வயதுக்கு வழக்கமில்லாத அளவு நன்றாகப் பராமரிக்கப்பட்டதா? உடலில் துரு இருக்கக் கூடாது, பொருந்தாத வண்ணப்பூச்சு இருக்கக் கூடாது, இருக்கை தொய்ந்திருக்கக் கூடாது, முந்தைய சோதனைகளில் முதல் தடவையிலேயே தேறியிருக்க வேண்டும்.

இதைக் கடைசி மாதத்தில் உருவாக்க முடியாது. சர்வீஸ் ரசீதுகளை முதல் நாளிலிருந்து ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். வீட்டு வாசலில் நண்பர் ஒருவர் எண்ணெய் மாற்றித் தந்தது எவ்வளவு நல்ல வேலையாக இருந்தாலும் அதற்குத் தாள் இல்லை. தாள் இல்லாத பராமரிப்பு கவுன்சிலின் கண்ணில் நடக்காத பராமரிப்பு. காரைப் பகல் வெளிச்சத்தில் நாலா பக்கமும் படமெடுத்து இணையுங்கள். சேதமான பின் காப்பீட்டு நிறுவனம் எஸ் அல்லது என் வகை என்று குறித்துக் கைவிட்டு, மீண்டும் சரிசெய்த காராக இருந்தால் இந்த வாசல் பெரும்பாலும் திறக்காது. பல கவுன்சில்கள் வயது குறைந்த காரானாலும் அத்தகையதை ஏற்பதில்லை.

புதுப்பிக்க இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. பரவாயில்லையா?

வயதான காருக்கு இது உயிர்ப் பிரச்சினை. உரிமம் காலாவதியான பின் வரும் விண்ணப்பத்தைக் கவுன்சில் புதிய விண்ணப்பமாக எடுத்துக்கொள்ளலாம். புதிய விண்ணப்பம் என்றால் நுழைவு வயது வந்து நிற்கும். ஒன்பது வயதுக் காருக்கு ஐந்து வயது வரம்பு! எக்ஸிட்டர் நகர கவுன்சில் தொடர்பான 2011ஆம் ஆண்டு வழக்கில், நியாயமான காரணத்தோடு சில நாள் தாமதமாக வந்ததைப் புதுப்பித்தலாகவே ஏற்க இடமுண்டு என்று உயர் நீதிமன்றம் சொன்னது. மருத்துவமனையில் இருந்தீர்கள் என்றால் அது உதவும். மறந்துவிட்டேன் என்றால் உதவும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

மறுத்துவிட்டார்கள். யாரிடம் போவது?

மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்துக்கு, 21 நாளுக்குள். காலக்கெடு கறாரானது, முடிவு எழுத்தில் கிடைத்த நாளிலேயே நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு விசித்திரம்: புதிதாக டாக்சி வாகன உரிமம் கேட்டு மறுக்கப்பட்டால் மட்டும் மேல்முறையீடு நேராகக் கிரவுன் நீதிமன்றத்துக்குப் போகிறது. பழைய சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததால் வந்த விளைவு அது; அதில் வேறு தத்துவம் தேட வேண்டாம்.

நீதிமன்றம் கவுன்சிலின் கொள்கையைத் தூக்கி எறியாது. அந்தக் கொள்கை இருக்கும் நிலையில், இந்தக் குறிப்பிட்ட வாகனத்துக்கு விதிவிலக்கு தரக் காரணம் உண்டா என்றே பார்க்கும். "இந்த விதியே அநியாயம்" என்று பேசுவதைவிடக் கோப்பைத் திறந்து காட்டுவது பலன் தரும். தோற்றால் கவுன்சிலின் வழக்குச் செலவும் உங்கள் தலையில் விழலாம். எட்டாயிரம் பவுண்டு காருக்காக வழக்காடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல நேரங்களில் கவுன்சிலின் உரிமக் குழுவின் முன் நேரில் பேச வாய்ப்புக் கேட்பதே மலிவான வழி.

பக்கத்துக் கவுன்சிலில் வயது வரம்பு இல்லை. அங்கே உரிமம் எடுத்து இங்கே ஓட்டலாமா?

மினிகேப் என்றால் சட்டப்படி முடியும். நிபந்தனை ஒன்றே: ஓட்டுநர், வாகனம், முன்பதிவு செய்யும் நிறுவனம் ஆகிய மூன்றின் உரிமமும் ஒரே கவுன்சிலினதாக இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால் பயணம் நாட்டின் எந்த மூலையிலும் நடக்கலாம். 2015 அக்டோபரில், ஒரு நிறுவனம் தனக்கு வந்த முன்பதிவை வேறு ஊர் உரிமம் பெற்ற நிறுவனத்துக்கு மாற்றித்தரச் சட்டம் வழிவிட்டதும் இது பெருகியது. வால்வர்ஹாம்ப்டன் கவுன்சிலின் பிளேட் மாட்டிய கார்களை அந்த ஊரிலிருந்து வெகுதொலைவில் உள்ள நகரங்களிலும் பார்க்கலாம்.

உள்ளூர்க் கவுன்சில்களுக்கு இதில் எரிச்சல். வயது வரம்பை இறுக்கினால் காற்று தூய்மையாவதில்லை. அதே கார் வேறு பிளேட்டோடு அதே தெருவில் ஓடுகிறது, கட்டணம் மட்டும் வேறு கவுன்சிலுக்குப் போகிறது. ஆனால் இதை நம்பி நீண்ட காலத் திட்டம் போடாதீர்கள். குழந்தைகள் மீதான கூட்டுப் பாலியல் சுரண்டல் பற்றி 2025 ஜூனில் வெளியான கேசி அறிக்கை, டாக்சி உரிமத்தில் வெளியூர் ஓட்டத்துக்கு விட்டிருக்கும் ஓட்டையை அடைக்கச் சொன்னது. அரசும் ஏற்பதாக அறிவித்தது. அதன் அக்கறை பயணிகளின், குறிப்பாகக் குழந்தைகளின் பாதுகாப்பு. வாகன வயது அல்ல. ஆனாலும் கதவு மூடினால் எல்லோருக்கும் மூடும்.

டாக்சிக்கு இந்த வசதி முழுதாகக் கிடையாது. வேறு ஊரில் ஸ்டாண்டில் நிற்கவோ கை காட்டியவரை ஏற்றவோ முடியாது.

பிளேட் உள்ள காரை என் மனைவி கடைக்கு ஓட்டிப் போகலாமா?

லண்டனுக்கு வெளியே என்றால், அவரிடமும் டாக்சி அல்லது மினிகேப் ஓட்டுநர் உரிமம் இருந்தால் மட்டும். பயணி இல்லாவிட்டாலும், விடுமுறை நாளானாலும், பிளேட் உள்ளவரை அது வாடகை வாகனம்தான் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. உரிமத்தை ஒப்படைத்துப் பிளேட்டைத் திருப்பித் தந்த பிறகு அது சாதாரணக் கார். யார் வேண்டுமானாலும் உரிய காப்பீட்டோடு ஓட்டலாம்.

திருமணத்துக்கு வாடகைக்கு விடும் 1950களின் ரோல்ஸ் ராய்ஸுக்கு எப்படி உரிமம் தருகிறார்கள்?

தருவதில்லை, தேவையில்லை. திருமணத்துக்காக ஓடும் வாகனத்துக்கும் இறுதிச் சடங்குக்காக ஓடும் வாகனத்துக்கும் 1976ஆம் ஆண்டுச் சட்டமே விலக்கு தந்திருக்கிறது. லண்டனுக்கு வெளியே நடக்கும் தமிழ்த் திருமணங்களில் மணமகள் பழைய வெள்ளைக் காரில் வந்து இறங்குவது இந்த விலக்கின் தயவில்தான். அதே காரை மறுவாரம் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு ஓட்டுநரோடு வாடகைக்கு விட்டால் மினிகேப் உரிமம் வேண்டும். அப்போது எழுபது வயதுக் காருக்குக் கவுன்சிலிடம் தனி அனுமதி கேட்க வேண்டியிருக்கும். பழம்பெரும் கார்களுக்கென்று தனிப் பத்தி எழுதி வைத்திருக்கும் கவுன்சில்களும் இருக்கின்றன.

இப்போது ஒரு பழைய கார் வாங்கலாம் என்று இருக்கிறேன். எதைப் பார்ப்பது?

விலையைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் உங்கள் கவுன்சிலின் தற்போதைய கொள்கையைப் பதிவிறக்கி, நுழைவு வயதையும் வெளியேறும் வயதையும், அவை எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை எண்ணப்படுகின்றன என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே, கொள்கை மறுபரிசீலனையில் இருக்கிறதா என்று உரிமப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் பதில் வரும், ஆதாரம் வராது. மாற்றம் வரும்போது ஏற்கெனவே பிளேட் வைத்திருப்பவர்களுக்குச் சில ஆண்டு அவகாசம் தருவது வழக்கம். நேற்று வாங்கி இன்னும் பிளேட் வாங்காதவருக்கு அது கிடைக்காது.

பிறகு வகுத்துப் பாருங்கள். நான்கரை வயது டீசல் காரை 9,000 பவுண்டுக்கு வாங்குகிறீர்கள், வெளியேறும் வயது எட்டு என்றால், மூன்றரை ஆண்டுக்கு 9,000. மூன்று வயது ஹைபிரிட் 14,000 பவுண்டு, அதே கவுன்சில் ஹைபிரிட்டுக்குப் பத்து ஆண்டு தருகிறது என்றால், ஏழு ஆண்டுக்கு 14,000. முதலாவதில் ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,570 பவுண்டு, இரண்டாவதில் 2,000. எரிபொருளும் தூய காற்று மண்டலக் கட்டணமும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. சோதனைக்கூடத்தில் தேதி கிடைத்ததை உறுதி செய்துகொண்டு முன்பணம் கொடுங்கள்.